ஒரே சர்வரில் இரண்டு போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்: வேண்டாததைப் பத்திரமாக எடுப்பது எப்படி

உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு ஏற்றிவிட்டு மறுநாள் பார்த்தால், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஒன்றுக்கு இரண்டாக ஓடிக்கொண்டிருக்கும். பதிப்பு 14 ஒன்று, 16 ஒன்று. டெபியன் 11-லிருந்து 12-க்குப் போனவர்களுக்கு அது 13-ம் 15-ம். நீங்கள் எதையும் தப்பாகச் செய்துவிடவில்லை. ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்ற பொதுப் பேக்கேஜ் புதிய பதிப்பை இழுத்து வருகிறது. அந்தப் பதிப்பு நிறுவப்படும்போதே தனக்கென்று ‘மெயின்’ என்ற பெயரில் காலியான கிளஸ்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. 5432 போர்ட்டில் (ஆப்கள் வந்து இணையும் வாசல் எண்) ஏற்கெனவே ஆள் இருப்பதால் 5433-ல் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் தரவு இடம் மாறவில்லை, 14-லேயேதான் இருக்கிறது.

கிளஸ்டர் என்றதும் நாலைந்து கணினிகளை இணைத்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஒரு தரவுக் கோப்புறை, அதைக் கவனிக்கும் ஒரு தாய்ப் பிராசஸ், அதற்கு ஒரு போர்ட், உள்ளே எத்தனை தரவுத்தளம் வேண்டுமானாலும். போஸ்ட்கிரெஸ் பேச்சில் கிளஸ்டர் என்பது இவ்வளவுதான்.

“அந்தப் பழைய 14-ஐ எடுத்துவிடு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்கள். நானும் எடுத்தேன். எல்லாமே 14-ல்தான் இருந்தது; 16 வெறும் கூடு. இரவு பேக்கப் இருந்ததால் தப்பித்தேன், ஆனால் அன்று காலையிலிருந்து பதிவானதெல்லாம் போனது போனதுதான். அதற்குப் பிறகு பதிப்பு எண்ணைப் பார்த்து எதையும் ‘பழையது’ என்று நான் சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, யார் வந்துபோகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

கீழே இருப்பவை டெபியன், உபுண்டு சர்வர்களுக்கானவை. உதாரணம் முழுக்க 14-ம் 16-ம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது: எது காலி, எதில் ஆள் இருக்கிறது?

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று தட்டுங்கள். பதிப்பு, பெயர், போர்ட், நிலை, உரிமையாளர், தரவுக் கோப்புறை, லாக் கோப்பு என்று ஒரு வரிக்கு ஒரு கிளஸ்டர் வரும். இந்த வெளியீட்டை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். வேலைக்கு நடுவே போர்ட்கள் இடம் மாறலாம். அப்போது “முன்னால் எது எங்கே இருந்தது” என்ற கேள்விக்கு நினைவை நம்ப முடியாது.

அடுத்து ஒவ்வொன்றுக்குள்ளும் நுழையுங்கள். போஸ்ட்கிரெஸ் பயனராக, கிளஸ்டரைப் பெயர் சொல்லியே திறக்க வேண்டும்:

சூடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல் --கிளஸ்டர் 14/மெயின்

வெறுமனே பிஎஸ்க்யூஎல் என்று தட்டினால், டெபியனின் உறை நிரல் ஒன்று உங்களுக்காக ஒரு கிளஸ்டரைத் தேர்ந்தெடுக்கும். வேறு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் 5432-ல் இருப்பதைத்தான் எடுக்கும். இரண்டு கிளஸ்டர் இருக்கும் சர்வரில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே போனதும் ‘ஷோ டேட்டா_டைரக்டரி’, ‘ஷோ போர்ட்’, ‘செலக்ட் வெர்ஷன்()’ மூன்றையும் கேட்டு, நிற்கும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பிஎஸ்க்யூஎல் திறக்கும்போது முதல் வரியில் காட்டும் எண் கிளையண்டின் பதிப்பு. சர்வர் வேறு பதிப்பாக இருந்தால் பக்கத்தில் அதையும் போடும், ஆனால் அவசரத்தில் முதல் எண் மட்டுமே கண்ணில் படும்.

இனி மூன்று சோதனைகள்.

முதலாவது அளவு. பிஜி_டேட்டாபேஸ்_சைஸ் ஃபங்ஷனால் ஒவ்வொரு தரவுத்தளத்தின் அளவையும் கேளுங்கள். தொடப்படாத கிளஸ்டரில் போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 என்று மூன்று மட்டும், ஆளுக்கு ஏழெட்டு எம்பி அளவில் இருக்கும். அப்படியென்றால் அது காலி.

இரண்டாவது நடமாட்டம். பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸில் சேர்த்த வரிகள், திருத்திய வரிகள் என்ற எண்களைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். டிரான்சாக்‌ஷன் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். யாருமே இல்லாத கிளஸ்டரில்கூட ஆட்டோவேக்குவமும் (போஸ்ட்கிரெஸ் தானே ஓட்டும் துப்புரவு வேலை) உங்கள் கண்காணிப்பு நிரலும் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் ஆப்பில் அதிகம் எழுதப்படும் டேபிள் எது என்று உங்களுக்கே தெரியும். ஆர்டர், வருகைப்பதிவு, செய்தி, எதுவானாலும் சரி. இரண்டு கிளஸ்டரிலும் அதன் கடைசி வரியின் நேரத்தைக் கேளுங்கள். ஒன்று இரண்டு நிமிடத்துக்கு முன், மற்றொன்று போன மாதம் என்று வந்தால் விஷயம் முடிந்தது. ஒன்றில் அந்த டேபிளே இல்லையென்றால் இன்னும் சுலபம்.

இரண்டிலும் இன்றைய தேதி வந்தால்? அங்கேயே நிறுத்துங்கள். ஆப் ஒரு கிளஸ்டரிலும், வேறொரு வேலை இன்னொன்றிலும் எழுதிக்கொண்டிருக்கிறது. இப்போது நீங்கள் நீக்கப் போவது நகல் இல்லை, பாதித் தரவு. இரண்டையும் முழுதாக டம்ப் எடுத்துவிட்டு (தரவையெல்லாம் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டு), எழுதுபவரையெல்லாம் ஒரே கிளஸ்டருக்குத் திருப்பி, விடுபட்ட வரிகளைத் தேடிச் சேர்த்த பிறகுதான் நீக்குவதைப் பற்றியே பேச வேண்டும்.

அறிகுறி: “தரவுத்தளமே இல்லை” என்று பிழை வருகிறது

ஆப் நன்றாக ஓடுகிறது, நீங்கள் கையால் நுழைந்தால் தரவுத்தளத்தைக் காணோம். அல்லது நேர்மாறாக. இரண்டு பேரும் வெவ்வேறு போர்ட்டில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். ஆப்பின் அமைப்புக் கோப்பில் உள்ள போர்ட்டை பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். இடையில் இணைப்புகளை வாங்கிக் கடத்தும் பிஜிபவுன்சர் இருந்தால் ஆப்பின் போர்ட் எதையும் சொல்லாது. பவுன்சரின் கோப்பைத் திறக்க வேண்டும். இந்தப் பிழையைப் பார்த்துப் பதறிப்போய், “சரி, உருவாக்கிவிடலாம்” என்று காலி கிளஸ்டரில் அதே பெயரில் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, ஆப்பின் மைக்ரேஷனையும் (டேபிள்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட்) ஓட்டிவிடுபவர்கள் உண்டு. அதற்குப் பிறகு இரண்டு கிளஸ்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேலே சொன்ன மூன்றாவது சோதனை அப்போதுதான் கைகொடுக்கும்.

அறிகுறி: பேக்கப் கோப்பின் அளவு வாரக்கணக்கில் அசையவே இல்லை

இது சத்தமில்லாத அறிகுறி, அதனாலேயே மோசமானது. யாரோ தரவை 16-க்கு மாற்றி ஆப்பை 5433-க்குத் திருப்பியிருக்கிறார்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் இருக்கும் பேக்கப் மட்டும் இன்னும் 5432-ல், கைவிடப்பட்ட 14-ஐத் தினமும் பொறுப்பாக டம்ப் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிழை எதுவும் வராது. பேக்கப்பைச் சரியான போர்ட்டுக்கு மாற்றி, ஒரு டம்பை வேறிடத்தில் மீட்டுப் பார்த்து, கடைசி வரியின் நேரம் இன்றுதானா என்று உறுதி செய்யும்வரை எந்தக் கிளஸ்டரிலும் கை வைக்காதீர்கள். இப்போதைக்கு உங்களிடம் பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது ஒரு சிறு இடறல் வரலாம். பழைய பதிப்பின் பிஜி_டம்ப் தன்னைவிடப் புதிய சர்வரைத் தொட மறுக்கும், பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். புதியது பழைய சர்வரிலிருந்து எடுக்கும். அதனால் ஸ்கிரிப்டில் பாதை நேரடியாக எழுதப்பட்டிருந்தால் 16-ன் பாதைக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: சர்வீஸ் எழவில்லை, லாக்கில் “முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்”

இரண்டு கிளஸ்டரின் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் கோப்பிலும் ஒரே போர்ட் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் எழுந்தது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்தது விழுகிறது. எஸ்எஸ் -எல்டிஎன்பி கட்டளை எந்தப் பிராசஸ் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். வேண்டாததின் போர்ட்டை மாற்றுங்கள். அதை எடுத்துவிடலாமே என்று இந்த நேரத்தில் தோன்றும். ஆப் நின்று, ஆட்கள் காத்திருக்கும்போது நீக்கும் வேலை வேண்டாம்.

அறிகுறி: பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் “16/மெயின் ஏற்கெனவே இருக்கிறது” என்று மறுக்கிறது

14-ல் இருக்கும் தரவை 16-க்கு ஏற்ற நினைக்கிறீர்கள். அந்தப் பெயரில் காலி கூடு ஒன்று ஏற்கெனவே இருப்பதால் கருவி நகர மறுக்கிறது. ஆக, இங்கே நீக்க வேண்டியது புதியதைத்தான். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சரியான வழி இதுதான்.

முதல் சோதனையைச் செய்து 16 உண்மையிலேயே காலி என்று பார்த்துவிட்டு, நிறுத்துங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16-மெயின்

பிறகு நீக்குங்கள்:

சூடோ பிஜி_ட்ராப்கிளஸ்டர் 16 மெயின்

பல குறிப்புகளில் இதை --ஸ்டாப் என்ற தேர்வோடு ஒரே வரியில் செய்யச் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பிஜி_ட்ராப்கிளஸ்டர் “நிச்சயமா?” என்று கேட்காது. எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் தரவுக் கோப்புறை, அமைப்புக் கோப்புகள், லாக் எல்லாம் போய்விடும். அதனிடம் இருக்கும் ஒரே தற்காப்பு, ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரை நீக்க மறுப்பது. --ஸ்டாப் போட்டால் அந்த ஒரே தடுப்பையும் நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். தனியாக நிறுத்திவிட்டு, அந்தத் தேர்வு இல்லாமல் நீக்கினால், கை தவறி 14 என்று அடித்தாலும் ஆப் ஓடிக்கொண்டிருக்கும் 14 நீங்காது, மறுப்புதான் வரும். ஒரு வரி கூடுதலாகத் தட்டுவதற்கு இது மலிவான காப்பீடு.

அதன் பிறகு பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் 14 மெயின். முடிந்ததும் போர்ட்கள் இடம் மாறியிருக்கும்: 16 இப்போது 5432-ல், 14 நின்ற நிலையில் 5433-ல். 14-ன் ஸ்டார்ட்.கான்ஃப் கோப்பில் ‘மேனுவல்’ என்று எழுதப்பட்டிருக்கும், அதாவது மறுதொடக்கத்தில் தானாக எழாது. கடைசியில், எல்லாம் சரியென்றால் பழையதை நீக்கிக்கொள்ளலாம் என்று கட்டளையையும் அதுவே காட்டும். அந்தக் கட்டளையை உடனே நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள். “எல்லாம் சரியென்றால்” என்பதற்கு ஒரு நாள் போதாது.

அறிகுறி: பழைய கிளஸ்டர் சும்மா கிடக்கிறது, எடுக்கலாமா என்று தெரியவில்லை

தரவு 16-க்குப் போய்விட்டது, ஆப் அங்கேதான் எழுதுகிறது, 14 இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதுதான் உண்மையான ‘நகல்’. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

யாரெல்லாம் அதை இன்னும் நம்பியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 14 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி இந்த நொடியில் இருப்பவர்களைக் காட்டும். ஆனால் மாதக் கடைசியில் ஒருமுறை வந்து அறிக்கை எடுத்துப் போகும் ஸ்கிரிப்ட் அதில் தெரியாது. அதனால் லாக்_கனெக்‌ஷன்ஸ் அமைப்பை ஆன் செய்து, ரீலோடு கொடுத்து, லாக்கைச் சேரவிடுங்கள். ஒரு மாதக் கடைசியாவது அதில் அடங்க வேண்டும். கண்காணிப்பு நிரலைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்று லாக் சொன்னால் நம்பலாம்.

இரண்டு இணைப்புகள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். ஒன்று ரெப்ளிகேஷன், அதாவது மாற்றங்களை வேறொரு சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பும் ஏற்பாடு. 14-ல் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன், பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் இரண்டையும் பாருங்கள். யாரும் படிக்காத ஸ்லாட் (வாங்குபவர் எதுவரை படித்தார் என்ற குறிப்பு) ஒன்று கிடந்தால், 14-ன் டிஸ்க் இடம் ஏன் ஏறிக்கொண்டே போனது என்பதற்கும் அதுவே விடையாக இருக்கலாம், ஏனென்றால் அந்த ஸ்லாட்டுக்காக வால் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதும் பதிவேடு) கோப்புகள் நீக்கப்படாமல் குவியும். 16-ல் பிஜி_சப்ஸ்கிரிப்ஷனையும் பாருங்கள்; மறுமுனையிலிருந்து மாற்றங்களை வாங்கும் பக்கம் அதில் தெரியும். தரவை லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியாக மாற்றியவர்கள் சப்ஸ்கிரிப்ஷனை நீக்க மறந்திருப்பார்கள். அதை 14 உயிரோடு இருக்கும்போதே நீக்கிவிடுவது நல்லது. 14 போன பிறகு ட்ராப் சப்ஸ்கிரிப்ஷன் கொடுத்தால், மறுமுனையில் இருக்கும் ஸ்லாட்டை நீக்க முயன்று பிழையோடு நிற்கும். அப்போது சப்ஸ்கிரிப்ஷனை டிசேபிள் செய்து, ஸ்லாட் பெயரை ‘நன்’ என்று அமைத்த பிறகே நீக்க முடியும்.

மற்றொன்று அயல் டேபிள்கள், அதாவது வேறு கிளஸ்டரில் இருக்கும் டேபிளை இங்கிருந்தே படிக்கும் ஏற்பாடு. 16-ல் இருக்கும் ஏதோ ஒரு வியூ, போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ வழியாக 14-ன் போர்ட்டிலிருந்து (பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் ஓட்டியவர்களுக்கு 5433) படித்துக்கொண்டிருக்கலாம். பிஜி_ஃபாரின்_சர்வர் டேபிளில் போர்ட் தெரியும்.

பிறகு /இடிசி கோப்புறையிலும் ஆப்களின் அமைப்புகளிலும் கிரானிலும் 14-ன் அந்தப் போர்ட் எண்ணைத் தேடிவிடுங்கள். கடவுச்சொற்கள் சேமித்திருக்கும் .பிஜிபாஸ் கோப்பையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது டம்ப். 14 ஓடும்போதே பிஜி_டம்ப்ஆல் எடுங்கள். தரவுத்தளங்களோடு ரோல்களும் அவற்றின் கடவுச்சொல் ஹாஷ்களும் அதில் வரும். தனித்தனி பிஜி_டம்பில் அவை வராது. முடிந்ததும் கோப்பின் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். டம்ப் முழுமையாக முடிந்தது என்ற குறிப்பு வரி அங்கே இருக்க வேண்டும். டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்ற டம்ப் அளவில் பெரிதாகத்தான் இருக்கும், அந்த வரிதான் இருக்காது. கோப்பை இதே சர்வரில் விட்டுவைக்காமல் வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

/இடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின் கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் அமைப்புகளைத் தானே கொண்டுபோகும். கையால் டம்ப் எடுத்து மீட்டவர்களுக்கு அப்படி இல்லை. யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பில் யாரோ எப்போதோ எழுதிய ஒரு ஐபி வரிதான் ஏதோ ஒரு அலுவலகத்தின் அணுகலைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆல்டர் சிஸ்டம் வழியாகப் போட்ட அமைப்புகள் தரவுக் கோப்புறைக்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பில் இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிறுத்துங்கள். நீக்காதீர்கள், நிறுத்த மட்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின் சர்வீஸை நிறுத்தி, ஸ்டார்ட்.கான்ஃப் கோப்பில் ‘ஆட்டோ’ என்று இருந்தால் ‘மேனுவல்’ ஆக்குங்கள். இதை மறந்தால் அடுத்த மறுதொடக்கத்தில் அது பாட்டுக்கு எழுந்து நிற்கும். யாராவது கத்துகிறார்களா என்று ஒன்றிரண்டு வாரம் பாருங்கள். கத்தினால் ஒரே கட்டளையில் எழுப்பிக்கொடுத்துவிடலாம், அதுவரைக்கும் எதுவும் இழக்கவில்லை.

லிங்க் முறையில் மேம்படுத்தியவர்கள் மட்டும் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்கவும். அந்த முறையில் தரவுக் கோப்புகள் நகலெடுக்கப்படுவதில்லை. 14-ம் 16-ம் ஒரே கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) வைத்துக்கொள்கின்றன. 16 ஒருமுறை எழுந்துவிட்டால் 14-ஐ எழுப்பக் கூடாது. அதனிடமிருந்து டம்பும் எடுக்க முடியாது. உங்கள் பாதுகாப்பு என்பது மேம்படுத்தும் முன் எடுத்த பேக்கப்பும், இப்போது 16-லிருந்து எடுக்கும் பேக்கப்பும்தான். ஆனால் 14-ஐ நீக்குவதில் ஆபத்து இல்லை. லிங்க்குகளில் ஒன்று போகும், கோப்பு 16-ன் பெயரில் இருக்கும்.

நீக்கும் நாளில் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் பட்டியலை அதே டெர்மினலில் மறுபடி எடுத்து, 14-க்கு நேரே ‘டவுன்’ என்றும் 16-க்கு நேரே ‘ஆன்லைன்’ என்றும் கண்ணால் பார்த்துவிட்டு:

சூடோ பிஜி_ட்ராப்கிளஸ்டர் 14 மெயின்

--ஸ்டாப் இல்லாமல்தான். ஏற்கெனவே சொன்ன அதே காரணம்.

கடைசியாகப் பேக்கேஜ்கள். கிளஸ்டரை நீக்கிய பிறகுதான் இது. வரிசையை மாற்றினால் வரும் சிக்கலைக் கீழே சொல்கிறேன். டிபிகேஜி -எல் பட்டியலில் 14 என்று இருப்பவற்றை எடுங்கள்: சர்வர், கிளையண்ட், அப்புறம் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற நீட்சிகள் தனிப் பேக்கேஜாக இருக்கும். ஒவ்வொன்றின் பெயரையும் முழுதாகத் தட்டி ஏபிடி பர்ஜ் கொடுங்கள். நட்சத்திரக் குறி போட்டு ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்*’ என்று கொடுக்கவே கூடாது. 16-ம் அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. ஏபிடி காட்டும் நீக்கப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டே ஒய் அழுத்துங்கள். தரவுக் கோப்புறைகளையும் நீக்கவா என்று பர்ஜ் கேட்டால், நீக்க வேண்டிய கோப்புறை இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது என்ன என்று போய்ப் பாருங்கள்.

அறிகுறி: நீக்கியதும் சிஸ்டம்டி பற்றி எச்சரிக்கை வருகிறது

சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு, கிளஸ்டர் போய்விட்டது என்ற தகவல் இன்னும் போகவில்லை என்ற எச்சரிக்கை அது. சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு கொடுத்தால் முடிந்தது. அதன் பிறகும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின் ‘ஃபெயில்டு’ என்று சிவப்பில் நின்றால், ரீசெட்-ஃபெயில்டு கொடுங்கள். வெறும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் சர்வீஸ் ‘ஆக்டிவ், எக்சிடட்’ என்று காட்டுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது எல்லாக் கிளஸ்டரின் சர்வீஸ்களுக்கும் மேலான குடை மாதிரி. எப்போதும் அப்படித்தான் காட்டும். உண்மையான நிலை @16-மெயினில் இருக்கிறது.

அறிகுறி: பட்டியலில் “டவுன், பைனரிஸ்_மிஸ்ஸிங்”

பேக்கேஜை முதலில் நீக்கிவிட்டீர்கள், கிளஸ்டர் அப்படியே இருக்கிறது. தரவு போகவில்லை, அதைத் திறக்கும் நிரல்தான் இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது என்றால், அதே பெரும் பதிப்பைத் திரும்ப நிறுவுங்கள். உபுண்டு 24.04-ன் சொந்தக் களஞ்சியத்தில் 14 இல்லை. போஸ்ட்கிரெஸ் திட்டம் நடத்தும் ஏபிடி களஞ்சியத்தில் பல பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். 16-ஐக் கொண்டு 14-ன் தரவுக் கோப்புறையைத் திறக்க முயலாதீர்கள், பெரும் பதிப்பு மாறினால் அது திறக்காது. நிறுவி, எழுப்பி, உள்ளே பார்த்து, டம்ப் எடுத்து, முறையாக நீக்கி, பிறகு பேக்கேஜை பர்ஜ் செய்யுங்கள்.

அறிகுறி: உரிமையாளர் இடத்தில் “அன்நோன்”

தரவுக் கோப்புறையை யாரோ ஆர்எம் கட்டளையால் கையாலேயே அழித்திருக்கிறார்கள். /இடிசியில் இருக்கும் அமைப்பு மட்டும் எஞ்சியிருப்பதால் பட்டியலில் பேய்போல ஒரு வரி நிற்கிறது. பிஜி_ட்ராப்கிளஸ்டர் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் போகவில்லையென்றால் /இடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு டீமன்-ரீலோடு கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த வரியில் இருக்கும் தரவுக் கோப்புறையின் பாதை, தனியாக மவுண்ட் செய்யும் டிஸ்கில் இருக்கிறதா? டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனாலும் இதே ‘அன்நோன்’தான் வரும். அதை அழிந்துபோன கிளஸ்டர் என்று நினைத்து அமைப்பை நீக்கினால், இல்லாத பிரச்சினையை நீங்களே உருவாக்கியதாக ஆகும்.

ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரின் கோப்புறையை ஆர்எம் செய்துவிட்டால் சேவை உடனே நிற்காது. திறந்திருக்கும் கோப்புகளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் இன்றைய பதிப்புகளில் தாய்ப் பிராசஸ் நிமிடத்துக்கு ஒருமுறை போஸ்ட்மாஸ்டர்.பிஐடி கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும், காணாவிட்டால் தன்னையே மூடிக்கொள்ளும். எனவே “இன்னும் ஓடுகிறதே, அப்புறம் டம்ப் எடுத்துக்கொள்ளலாம்” என்ற கணக்கு பலிக்காது.

அறிகுறி: நீக்கியாயிற்று, டிஸ்கில் இடம் வரவில்லை

லிங்க் முறையில் மேம்படுத்தியவரா நீங்கள்? அப்படியானால் பெரிதாக எதுவும் வராது, ஏனென்றால் அந்த இடம் 16-க்கும் சொந்தமானது. 14-ன் கோப்புறையில் தனியாக டியூ (இடத்தின் அளவைக் காட்டும் கட்டளை) போட்டு 80 ஜிபி என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு கோப்புறையையும் ஒரே டியூ கட்டளையில் சேர்த்துப் போட்டிருந்தால் பொதுக் கோப்புகளை ஒருமுறைதான் எண்ணியிருக்கும்.

அது இல்லையென்றால், அழிந்தும் திறந்தே இருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் +எல்1 காட்டும். ஏதாவது ஒரு பிராசஸ் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால், அது விடும்வரை இடம் திரும்பாது.

அடுத்து டேபிள்ஸ்பேஸ், அதாவது டேபிள் கோப்புகளை வைக்க ஒதுக்கிய தனி இடம். தரவுக் கோப்புறைக்கு வெளியே வேறு டிஸ்கில் டேபிள்ஸ்பேஸ் வைத்திருந்தால், அங்கே போய்ப் பாருங்கள். அதற்குள் பிஜி_14 என்று தொடங்கும் ஒரு கோப்புறையும் பிஜி_16 என்று தொடங்கும் ஒரு கோப்புறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், இரண்டு பதிப்பும் ஒரே டேபிள்ஸ்பேஸைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதால். மிச்சமிருந்தால் 14-ஐ மட்டும் எடுங்கள். மேல் கோப்புறையை மொத்தமாக அழித்தால் 16-ன் தரவும் சேர்ந்து போகும். இந்த ஒரு இடத்தில் முதலில் பெயர் மாற்றி வைத்து, 16 நன்றாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அழிப்பது என் வழக்கம்.

ஆர்கைவ்_கமாண்ட் அமைத்து வால் கோப்புகளை வேறு கோப்புறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்புறையை யாரும் நீக்கித் தர மாட்டார்கள். 14-ன் வால் கோப்புகள் 14-ன் அடிப்படை பேக்கப்போடு சேர்ந்தால்தான் பயன்படும். அந்த பேக்கப்பை இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதோடு சேர்த்தே இவற்றையும் எடுங்கள்.

அறிகுறி: 5433-ல் யாரும் பதில் சொல்லவில்லை என்று நள்ளிரவில் எச்சரிக்கை

கண்காணிப்பு நிரலின் பட்டியலிலிருந்து அந்தப் போர்ட்டை எடுக்க மறந்துவிட்டீர்கள். எடுத்துவிட்டு, அதே பட்டியலில் 5432-ஐ உண்மையிலேயே பார்க்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.